ஓங்குவதற்கு ஒன்பது படங்கள்

ஜனவரி 19

அண்ணா,

நலமா என்று கேட்டால், "ஜெயில்ல இருக்கறவன்கிட்ட கேக்கற கேள்வியாடா இது?" என்பாய். அதனால் கேட்கவில்லை. நான் நன்றாக இருக்கிறேன். முட்டிவலியைத் தவிர அம்மாவுக்கும் குறையில்லை. இரண்டு வருடமாக உனக்கு எழுதவில்லை. அதற்குச் சமாதானம் சொல்லி ஒரு பக்கத்தை வீணாக்கப் போவதில்லை. இப்போதும் ஒரு வேலையாகத்தான் எழுதுகிறேன்.

நான் ஒரு அனிமேஷன் படம் எடுக்கிறேன். தனியாக. ஆறு நிமிடம் ஓடும். தொழிற்சாலையில் பாட்டில் நிரப்பும் இயந்திரங்களைப் பழுது பார்க்கிற வேலையை விடவில்லை. ஷிப்ட் முடிந்து வந்து தினமும் ஒன்றரை மணி நேரம், ஞாயிற்றுக்கிழமை முழுக்க, இதுதான். வினாடிக்குப் பன்னிரண்டு படம் வரைய வேண்டும். ஆறு நிமிடத்துக்கு நாலாயிரத்து முந்நூற்று இருபது. மூவாயிரத்து நூறு முடிந்துவிட்டது. கூட வேலை செய்கிறவர்கள், "கார்ட்டூனா? குழந்தைங்களுக்கா?" என்று கேட்கிறார்கள். ஆமாம் என்று சொல்லிவிடுவேன். பேச்சு அதோடு முடியும்.

படம், நீ அப்பாவைக் கொன்றதைப் பற்றி.

சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது, உனக்குத் தெரியும். அன்று நான் கல்லூரி விடுதியில் இருந்தேன். வந்து சேர்ந்தபோது அப்பா பிணவறையில், நீ ஸ்டேஷனில், அவருடைய மோட்டார் பட்டறைத் தரையை யாரோ கழுவிவிட்டிருந்தார்கள். ஏழு வருடமாக ஆளுக்கு ஒரு கதை சொல்கிறார்கள். எனக்குக் கதை வேண்டாம். நடந்ததைப் பார்க்க வேண்டும். திரும்ப நடத்திப் பார்க்க முடியாது, வரைந்துதான் பார்க்க முடியும்.

வீடு முடிந்தது. பட்டறை முடிந்தது, அவர் பிரித்துப் போட்ட மோட்டார்களைக்கூட ஒவ்வொன்றாக வரைந்திருக்கிறேன். அப்பா வாசலில் செருப்பை உதறுகிற விதம் அப்படியே வந்திருக்கிறது. அந்தச் சத்தம் கேட்டாலே நாம் மூவரும் பேச்சை நிறுத்துவோமே, அது. அவர் அம்மாவின் முகத்தைக் கதவில் மோதுவதை இருபத்திரண்டு படத்தில் வரைந்தேன். அந்த வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் வேலை சுத்தம்.

மிச்சம் இருப்பது அந்த அடி. தீர்ப்பு நகலும் பிரேதப் பரிசோதனை அறிக்கையும் கையில் வைத்திருக்கிறேன். 'எதிரே நின்று, வலது கையால், சுத்தியலால் ஒரே அடி' என்று நீ சொன்னதாக இருக்கிறது. இது போதாது. கால் எங்கே ஊன்றியிருந்தது? உடம்பில் முதலில் எது அசைந்தது? சுத்தியலை நுனியில் பிடித்தாயா, நடுவிலா? அவர் எந்தப் பக்கம் சாய்ந்தார்?

சீக்கிரம் எழுது. அங்கே உனக்கு வேறு என்ன வேலை?

உன் தம்பி


பிப்ரவரி 6

டேய் திருகாணி,

இரண்டு வருடம் கழித்து ஒரு கடிதம். பிரித்தால், எப்படிக் கொன்றாய் என்று விளக்கம் கேட்கிறாய். வாழ்க நீ! உன்னைத் திருகாணி என்று கூப்பிட ஆரம்பித்த அன்றே தெரியும், ஒன்றைக் கழற்றாமல் உனக்குத் தூக்கம் வராது. அன்றைக்கு ரேடியோ, இன்றைக்கு நான்.

என் அறையில் ஒரு தையல்காரர் இருக்கிறார். கூட்டாளியைக் கத்தரிக்கோலால் குத்திவிட்டு வந்தவர், மற்றபடி தங்கமான மனிதர். உன் கடிதத்தைக் காட்டினேன். "பொம்மைப் படத்துல ரத்தம் எந்தக் கலர்ல வருமாம்? கேளு" என்றார். கேட்டுவிட்டேன்.

நீ கேட்டதற்கு வருகிறேன். அன்று மத்தியானம் அவர் பட்டறையில் அம்மாவை அடித்துக்கொண்டிருந்தார். மோட்டார் பெல்ட்டால். நான் உள்ளே போனேன். சுத்தியல் மேசைமேல் இருந்தது. எடுத்தேன், அடித்தேன். விழுந்தார். எந்தக் கால், எந்தப் பக்கம் என்றெல்லாம் பார்த்துக்கொண்டா அடிப்பார்கள்? அவர் கண் திறந்திருந்தது. அது நன்றாக நினைவிருக்கிறது. வேண்டுமானால் அதை வரை. இன்னொரு தடவை அந்த நாள் வந்தாலும் அதையேதான் செய்வேன். இதையும் எழுதிக்கொள்.

சாப்பாடு பழகிவிட்டது. போன மாதம் குளிக்கிற இடத்தில் ஒரு சண்டை. ஒருவன் இன்னொருவனின் காதைக் கடித்துத் துப்பிவிட்டான். நான் ஒதுங்கியே நின்றேன். தண்டனைக் குறைப்புக்கு என் பெயர் போயிருக்கிறது, ஒரு வம்பும் கூடாது. எல்லாம் சரியாக நடந்தால் அடுத்த வருடம் மே மாதம் வெளியே வந்துவிடுவேன். இல்லையென்றால் இன்னும் ஐந்து வருடம்.

அம்மாவை இங்கே கூட்டிக்கொண்டு வராதே. முதல் நாளே சொன்னதுதான். வாசலைப் பார்த்தாலே உடைந்துவிடுவாள். முட்டிக்கு டாக்டரிடம் காட்டு.

அண்ணன்


பிப்ரவரி 17

அண்ணா,

உன் கடிதத்தால் ஒரு பிரயோஜனமும் இல்லை. ரத்தம் கறுப்பு, படமே கறுப்பு வெள்ளைதான். தையல்காரரிடம் சொல்லிவிடு.

நீ சொன்னபடி வரைந்தேன். ஈ அடிக்கிற மாதிரி இருக்கிறது. ஏன் என்று சொல்கிறேன். ஒரு அடி விழுவதற்கு முன்னால் உடம்பு எதிர்ப்பக்கம் போக வேண்டும். ஓங்குவதுதான் அடி, இறங்குவது வெறும் கணக்கு. ஓங்குவதற்கு ஒன்பது படம், இறங்க இரண்டே படம், பிறகு உடம்பு அடங்க எட்டு. இதில் ஓங்குகிற ஒன்பது வரவில்லை.

அறிக்கையில், தலையின் இடப்பக்க உச்சியில், மேலிருந்து நேர்க் கீழாக இறங்கிய காயம் என்று இருக்கிறது. எலும்பு உள்ளே குழிந்திருக்கிறது. அப்பா ஐந்தடி பத்து. எதிரே நிற்கிற ஐந்தடி பத்து ஆளின் உச்சியில் மேலிருந்து இறக்க வேண்டுமானால், சுத்தியல் அவர் தலைக்கு மேலே ஒரு முழமாவது போக வேண்டும். சரி என்று உன் கையைத் தூக்கி வரைந்தேன். மூன்றாவது படத்திலேயே பேனா நின்றுவிட்டது. அது யாரோ ஒருவன் கை.

இந்தப் படத்தில் உன் உடம்பை அறுநூறு தடவை வரைந்திருக்கிறேன். வலது தோள் எப்போதும் ஒரு விரல் கீழே இருக்கும். சட்டையில் இடது கையை முதலில் நுழைப்பாய். தலை வாருவது இடது கையால். மேல் அலமாரியில் எது வேண்டுமானாலும் "டேய், அத எடுடா" என்பாய். உனக்குப் பத்தொன்பது வயதில் அப்பா ஜெனரேட்டர் கைப்பிடியால் அந்தத் தோளை உடைத்ததிலிருந்து உன் வலது கை நெஞ்சுக்கு மேல் போனதே இல்லை.

இடது கையால் அடித்தாய் என்று வைத்துக்கொள்வோம். எதிரே நின்று இடது கையால் அடித்தால் காயம் அவருக்கு வலப்பக்கம் விழும். விழுந்தது இடப்பக்கம். கணக்கு உதைக்கிறது. அவர் உட்கார்ந்திருந்தாரா? உனக்கு நினைவு பிசகுகிறதா? யோசித்து எழுது.

அடியின் சத்தத்தைப் பதிவு செய்துவிட்டேன். தர்ப்பூசணியை ஈரத்துணியில் சுற்றிச் சுத்தியலால் அடித்தேன். மூன்று பழம் போயிற்று. அம்மா மிச்சத்தை வெட்டித் தட்டில் வைத்தாள். இருவரும் சாப்பிட்டோம். நல்ல இனிப்பு.

தம்பி


மார்ச் 2

டேய்,

கணக்குப் பார்க்கிற நேரமாடா அது? கோபம் வந்தால் கை தூக்கும். அன்றைக்குத் தூக்கியது. முடிந்தது. நீதிமன்றத்தில் வக்கீல் கேட்கவில்லை, நீதிபதி கேட்கவில்லை, நீ அளவுகோலை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாய்.

உனக்கு என்ன தெரியும்? அவர் அம்மாவின் நாலு விரலைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்திய அன்று நீ விடுதியில் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாய். கதவைத் திறக்க நான் பட்ட பாட்டை நீ பார்க்கவில்லை. அவர் மறுபக்கம் காலால் உதைத்துப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அம்மா கத்தவே இல்லை. பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிடுமாம். நீ பாஸ் பண்ணினாய் என்று போன் வந்தபோது அதே கையால்தான் ரிசீவரைப் பிடித்துக்கொண்டு, "சாப்பிட்டியாடா?" என்று உன்னைக் கேட்டாள். உன்னைக் குத்திக்காட்ட எழுதவில்லை. இல்லை, குத்திக்காட்டத்தான் எழுதுகிறேன்.

இந்தப் படத்தை விட்டுவிடு. நீ வரைகிறாய் என்பதே எனக்குப் பெருமை, தையல்காரரிடம் பீற்றிக்கொண்டிருக்கிறேன். ஆனால் வேறு எதையாவது வரை. இரண்டு பூனை, ஒரு காதல், ஏதாவது ஒரு மண்ணாங்கட்டி. முடித்தே தீருவேன் என்றால் என் கையைத் தூக்கி வரைந்து முடித்துத் தொலை. நான் சொல்கிறேன், தூக்கியது.

மே மாதத்துக்கு இன்னும் பதினாலு மாதம். அதுவரை பொறுமையாக இரு. உனக்கு இல்லாத ஒன்றைத்தான் கேட்கிறேன்.

அண்ணன்


மார்ச் 16

அண்ணா,

இதைக் கேள்.

நேற்று ஞாயிறு. நானே நடித்து வீடியோ எடுத்து, அதைப் பார்த்து வரையலாம் என்று கேமராவைப் பொருத்தினேன். அப்பாவுக்குப் பதில் ஒரு நாற்காலிமேல் தலையணைகளை அடுக்கி, என் உயரத்துக்கு ஒரு ஆள் மாதிரி நிறுத்தினேன். சுத்தியலை எடுத்து அடித்தேன். ஒன்றும் சரியில்லை. பதினோரு தடவை. அம்மா துணி மடித்துக்கொண்டே வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பன்னிரண்டாவது தடவை வாயைத் திறந்தாள்.

"நின்னுட்டு இருக்கறவன எவன்டா இப்படி அடிப்பான்? ஸ்டூல்ல உக்கார வை. குனிய வை."

நான் ஸ்டூலைப் போட்டு ஒரு தலையணையை மட்டும் வைத்தேன். "அடி" என்றாள். அடித்தேன். "கையால அடிக்கறே. இடுப்புலேர்ந்து வரணும்" என்றாள். "எப்படி?" என்றேன். மடித்த துணியைக் கீழே வைத்துவிட்டு வந்து சுத்தியலை என் கையிலிருந்து வாங்கினாள்.

கேமரா ஓடிக்கொண்டிருந்தது. அதை நான் நிறுத்தவில்லை. நிறுத்த வேண்டும் என்று தோன்றவும் இல்லை.

முதலில் இடது கால் அரை அடி பின்னால் போயிற்று. இரண்டு கையாலும் பிடித்தாள், வலது மேலே, இடது கீழே. சுத்தியல் தோளைத் தாண்டி முதுகுவரை போனது. மூச்சு நின்றது. பிறகு இறங்கியது, அண்ணா. தலையணையின் இடப்பக்க உச்சியில். நேர்க் கீழாக. எண்ணிப் பார்த்தேன்: ஓங்க ஒன்பது, இறங்க இரண்டு.

அதற்கு அப்புறம் நடந்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அடி விழுந்ததும் அவளுடைய இடது கை சுத்தியலை விட்டுவிட்டுத் தலையணைக்குக் கீழே போனது. விழுகிற தலை தரையில் மோதாமல் தாங்குகிற மாதிரி. தலையணை எங்கே விழப் போகிறது? அது ஸ்டூல்மேலேயேதான் இருந்தது. கை மட்டும் கீழே போய்க் காத்திருந்தது. பிறகு அவள் கையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், "பருப்பு வெந்திருக்கும்" என்று உள்ளே போனாள்.

வீடியோவை நாற்பது தடவையாவது பார்த்திருப்பேன். நாலாயிரம் படம் வரைந்தவன் சொல்கிறேன்: ஒரு தடவையாவது செய்யாத உடம்புக்கு அந்த அசைவு வராது. அறிக்கையில் உள்ள கோணத்துக்கு அப்படியே பொருந்துகிறது. உன் கைக்குப் பொருந்தவே இல்லை.

நேராகக் கேட்கிறேன், நேராகப் பதில் சொல். அந்தச் சுத்தியல் உன் கையில் இருந்ததா?

தம்பி


ஏப்ரல் 4

தம்பிக்கு,

இதை எழுதுவது தையல்காரர். நான் சொல்லச் சொல்ல எழுதுகிறார். என் வலது கை கட்டுப் போட்டுக் கழுத்தில் தொங்குகிறது. கடிதத்தைப் படிக்கிற அதிகாரிக்கும் சேர்த்து வணக்கம்.

நீ படித்தவன். ஜெயிலுக்கு வருகிற கடிதத்தை முதலில் யார் பிரிப்பார்கள் என்று உனக்குத் தெரியாதா? இங்கே வருகிற ஒவ்வொரு உறையையும் கிழித்து, படித்து, முத்திரை குத்திய பிறகுதான் என்னிடம் கொடுக்கிறார்கள். உன் கடிதம் எனக்கு வருவதற்கு முன்னால் கண்காணிப்பாளர் மேசைக்குப் போய்விட்டது. என்னைக் கூப்பிட்டார்.

"என்னய்யா, உன் தம்பி என்னமோ எழுதியிருக்கான்?" என்றார்.

"கிறுக்கன் சார். பொம்மை வரையறான். எல்லாம் அவனுக்குச் சினிமாதான்" என்றேன்.

"உன் கை தூக்காதாமே?"

"தூக்கும் சார்."

"எங்க, தூக்கிக் காட்டு. தூக்கலன்னா இத நான் மேல அனுப்பணும். உங்க அம்மாவ விசாரிப்பாங்க."

தூக்கினேன். நெஞ்சுவரை வழக்கமாகப் போகிற இடம். அதற்கு மேல் கொஞ்சம் சிரமமாக இருந்தது. ஏழு வருடம் வேலை கொடுக்காத கை, துருப்பிடித்திருக்கும் அல்லவா? தூக்கினேன். உள்ளே ஏதோ அறுகிற சத்தம் அவருக்கும் கேட்டிருக்கும், நாற்காலியைப் பின்னால் தள்ளினார். தலைக்கு மேலே தூக்கி, "போதுமா சார்?" என்றேன். நம்பினாரா இல்லையா என்று தெரியவில்லை. அதனால் இறக்கிக் காட்டினேன், அவர் மேசையில். கண்ணாடி நொறுங்கியது. மூன்று பேர் என்மேல் விழுந்து தடியால் சாத்தினார்கள். ஒரு பல் போய்விட்டது, முன்னாலே இல்லை, கடைவாயில்தான்.

அவர் நம்பிவிட்டார். 'கைதி வன்முறைக் குணம் உள்ளவன், கை நன்றாக இயங்குகிறது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார். இனி நம் கடிதத்தில் எது இருந்தாலும் அவருக்கு அது கிறுக்கன் எழுதுகிற சினிமாக் கதைதான். தண்டனைக் குறைப்பு ரத்து. மே மாதம் இல்லை. ஐந்து வருடம்.

இப்போது விளங்கியதா, என் கை தூக்கும் என்று?

உன் படத்தில் அடிக்கிறவன் நான். வேறு யாரையாவது அந்த இடத்தில் வரைந்தால் நீ என் தம்பி இல்லை, நான் உன் அண்ணன் இல்லை. வீடியோவை அழி. இன்றைக்கே.

அண்ணன்

தம்பி, இது நான், தையல்காரன். அவன் சொல்ல வேண்டாம் என்றதை எழுதுகிறேன். வராந்தாவிலேயே மயங்கி விழுந்துவிட்டான். மூன்று நாள் மருத்துவப் பிரிவில் கிடந்தான். அந்தக் கை இனி சோற்றுத் தட்டைக்கூடத் தூக்காது என்று கம்பவுண்டர் சொல்கிறார். கோபத்தில் எழுதவில்லை. தெரிந்துகொள்.


ஏப்ரல் 15

அண்ணா,

வீடியோவை அழித்துவிட்டேன். நகல் இல்லை.

என்ன எழுதுவது என்று எட்டு நாளாக உட்கார்ந்திருக்கிறேன். வரைகிற பலகையைத் தூக்கிச் சுவரில் அடித்தேன். குறுக்கே ஒரு விரிசல் விழுந்ததே தவிர, வேலை செய்கிறது. தொழிற்சாலையில் ஒருவன், "என்ன, கார்ட்டூன் முடிஞ்சுதா?" என்று கேட்டான். மூக்கில் குத்திவிட்டேன். ரத்தம் கொட்டியது. மேலாளர் எழுத்தில் எச்சரிக்கை கொடுத்திருக்கிறார். குத்துவதற்கு முன்னால் என் தோள் பின்னால் போனது எனக்கே தெரிந்தது. அப்பாவுக்கும் அப்படித்தான் போகும். அவரை எத்தனை தடவை வரைந்திருக்கிறேன்.

மூளை இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்குச் சரியான பதில் கிடைத்தால் போதும், யார் கை போனாலும் பரவாயில்லை என்று எழுதியிருக்கிறேன். மன்னிப்புக் கேட்டால் உனக்குச் சிரிப்புத்தான் வரும்.

படத்தை நிறுத்தமாட்டேன். அடிக்கிறவன் நீதான். அந்தப் பத்தொன்பது படத்தையும் உன் உடம்பை வைத்துப் புதிதாக வரைகிறேன். கோணம் சரியாக வருவதற்கு அப்பாவை இரண்டு அங்குலம் குள்ளமாக்கிவிட்டேன். பார்க்கிறவர்கள் யாரும் அளக்கப்போவதில்லை.

அம்மாவிடம் உன் கையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

தம்பி


மே 8

திருகாணி,

இடது கையால் எழுதுகிறேன். கோழி கிளறின மாதிரி இருக்கும், கண்ணை இடுக்கிப் படி.

ஆளை ஏன்டா அடித்தாய்? அவன் என்ன பாவம் செய்தான்? போய் மன்னிப்புக் கேள். நம் வீட்டில் அடித்தவர்கள் போதும்.

உன்மேல் கோபம் இருந்தது, இப்போது இல்லை. தையல்காரர் என் சட்டையின் கையை வெட்டிப் பக்கவாட்டில் நாடா வைத்துத் தைத்துக் கொடுத்திருக்கிறார், மாட்டச் சுலபமாக இருக்கிறது. பெரிய வித்தைக்காரர். "உன் தம்பி படத்துல எனக்கும் ஒரு வேஷம் குடுக்கச் சொல்லு" என்கிறார்.

படத்தில் என்னை நன்றாக வரை. தொப்பை வேண்டாம். அப்போது எனக்குத் தொப்பை இல்லை.

ஒரே ஒரு விஷயம். படம் முடிந்ததும் யாருக்கு வேண்டுமானாலும் காட்டு, ஊருக்கே காட்டு. அம்மாவுக்குக் காட்டாதே. கேட்டால், கெட்டுப்போய்விட்டது, அழிந்துவிட்டது, ஏதாவது ஒரு பொய் சொல். வாழ்க்கையில் ஒரு பொய்யாவது ஒழுங்காகச் சொல்லடா. ஐந்து வருடம் எனக்குப் பெரிசில்லை. அவள் வீட்டில், கதவைத் தாழ் போட்டுக்கொண்டு, பயமில்லாமல் தூங்குகிறாள் என்பதை வைத்துத்தான் நான் இங்கே சாப்பிடுகிறேன்.

அண்ணன்


ஜூன் 22

அண்ணா,

படம் முடிந்தது. நாலாயிரத்து முந்நூற்று இருபது. தொப்பை இல்லை.

இந்தக் கடிதத்தையும் முதலில் பிரிப்பவர் கண்காணிப்பாளர் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். இது அங்கே வந்து சேருவதற்குள் அவருக்கு வேறு வழியில் தெரிந்திருக்கும்.

நான் அம்மாவுக்குக் காட்டவில்லை. ஆனால் கணினியைப் பூட்டவும் இல்லை. எத்தனை ஞாயிறு என் பின்னால் நின்று பார்த்திருக்கிறாள், எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இன்று காலை ஷிப்ட். மூன்று மணிக்கு வீட்டுக்கு வந்தேன். என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். திரையில் நீ கையை ஓங்கியபடி நின்றிருந்தாய். ஒன்பதாவது படத்தில் நிறுத்தி வைத்திருந்தாள்.

"இது யாருடா?" என்றாள்.

"அண்ணன்."

"அவன் கை எப்படிடா இவ்வளவு மேல போச்சு?"

படம்தானே அம்மா, வரைவதுதானே என்று சொல்லியிருக்கலாம். நீ சொல்லச் சொன்ன பொய் வாய்க்குள்ளேயே இருந்தது. என்னால் முடியவில்லை, அண்ணா. சொல்லிவிட்டேன். என் கடிதத்தையும், கண்காணிப்பாளர் கூப்பிட்டதையும், நீ தூக்கியதையும், அறுந்த சத்தத்தையும், தடியையும், போன பல்லையும், மே மாதம் ஐந்து வருடமானதையும். தையல்காரர் எழுதியதை எடுத்துக் காட்டினேன். இரண்டு தடவை படித்தாள்.

அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. தாளை மடித்து என் கையில் கொடுத்துவிட்டுப் பேசினாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். நீ கேட்க வேண்டியது அது.

"ஏழு வருஷமா வராதேன்னான், வரல. நல்லாத்தான் இருக்கான்னு நெனச்சுக்கிட்டேன். அப்படி நெனச்சாத்தான எனக்குத் தூக்கம் வரும்? அன்னைக்கு அந்த ஆளு பெல்ட்ட வீசிட்டு, களைச்சுப்போய் ஸ்டூல்ல உக்காந்து குனிஞ்சு இருமினான். நான் எடுத்தேன். அடிச்சேன். விழுந்தப்பவும் தலையத் தாங்கினேன், விழறப்பல்லாம் தாங்கின பழக்கதோஷம். உங்கண்ணன் ஓடி வந்தான். சுத்தியல என் கையிலேர்ந்து வாங்கினான். வாங்கினதும் நான் விட்டுட்டேன்டா. விட்டிருக்கக் கூடாது. பிடிச்சுக்கிட்டே இருந்திருக்கணும்."

எழுந்து போய் முகம் கழுவினாள். புடவை மாற்றினாள். முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டாள், நிறைய நேரம் உட்கார வைப்பார்களாம். வக்கீலின் நம்பரைக் கேட்டாள், கொடுத்தேன். பிரேதப் பரிசோதனை அறிக்கையைக் கேட்டாள், கொடுத்தேன். "கேஸ் போடுவாங்க. உள்ள வெச்சுடுவாங்கம்மா" என்றேன். "உள்ள எப்படி இருக்கும்னு உங்கண்ணன் இத்தனை கடுதாசில எழுதியிருக்கானே, தெரியாதா எனக்கு?" என்றாள்.

அவள் தூங்குவதை வைத்துத்தான் சாப்பிடுகிறேன் என்று எழுதியிருந்தாய். அதையும் சொன்னேன். "நான் அங்க நல்லாத் தூங்குவேன்னு அவனுக்கு எழுது" என்றாள்.

தடுத்தாயா என்று கேட்பாய். தடுக்கவில்லை. நான் உன் தம்பி இல்லை என்று நீ சொல்லலாம். வெளியே வந்து, என் முகத்துக்கு நேராகச் சொல். கேட்டுக்கொள்கிறேன்.

அவள் கதவைத் திறந்துவிட்டாள். ஸ்டேஷன் எந்தப் பக்கம் என்று அவளுக்குத் தெரியாது. நான் கூடப் போகிறேன்.

தம்பி